மானிப்பாய் வைத்தியர் கிறீனும் கொக்குவில் நோயாளியும்

கொக்குவிலில் வாழும் எமது உறவினர் ஒருவர் இளமை முதல் சுருட்டுக் கொட்டிலில் உழைத்தவர். எழுபது வயதைத் தாண்டிய பின்னர் அவருக்குக் குடலிறக்க நோய் ஏற்பட்டது. சத்திரசிகிச்சையே வழி என்று வைத்தியர்கள் கூறிவிட்டனர். அவருக்குத் துணையாக நாமும் வைத்தியசாலை ஒன்றுக்குச் சென்றிருந்தோம். சத்திரசிகிச்சைக்கு முந்திய நாள் மாலை சம்மதப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தனர். தமிழில் அச்சிடப்பட்ட பத்திரந்தான் அது. ஆயினும், சத்திரசிகிச்சையின் பெயரை எழுதுவதற்கென விடப்பட்டிருந்த கோட்டின் மேல் மூன்று ஆங்கில எழுத்துக்கள் மட்டுமே காணப்பட்டன. அவற்றின் பொருள் யாதென அவர் வினவினார். இளம் வைத்தியர் பொறுமையாகவே விளக்க முற்பட்டார். வயிற்றுச் சுவரின் படைகளுக்கு இடையே பலூன் ஒன்றைச் செலுத்தி ஊதி, பின்னர் அதனை வெளியே எடுத்துவிடுவோம் என்றார். பலூன் என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவரின் முகம் மாறிவிட்டது. உள்ளே அது வெடித்தால் என்ன செய்வது என்று கேட்டார். வைத்தியர் தமிழில் சொற்களைத் தேடினார்; கிடைக்கவில்லை. இறுதியில் ஒரு காகிதத்தின் பின்புறத்தில் படம் வரைந்து காட்டினார். பெரியவர் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் கையொப்பமிட்டார்.

அந்த இளைஞரைக் குறைகூற நாம் இதனை எழுதவில்லை. அவரும் இந்த மண்ணின் பிள்ளையே. அவர் கற்றது ஆங்கிலத்தில். கற்பித்தவர்களும் ஆங்கிலத்திலேயே கற்றவர்கள். ஆனால் அன்றிரவு வீடு திரும்பும் வழியில் எமது மனத்தை வேறொரு எண்ணம் உறுத்திக்கொண்டிருந்தது. கொக்குவிலிலிருந்து தாவடி, சுதுமலை வழியாகச் சில கிலோமீற்றர் சென்றால் மானிப்பாய் வரும். அங்கே நூற்றுஅறுபது ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அமெரிக்கர் தமிழ் இளைஞர்களைத் தம்முன் இருத்தி, சத்திரசிகிச்சையைத் தமிழிலேயே கற்பித்துக்கொண்டிருந்தார். அவரே சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாயில் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் வைத்தியசாலையை அறியாதவர் யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆனால் அவர் செய்த பணியின் முழு அளவை அறிந்தவர்கள் சிலரே.

1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி, அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், கிறீன் ஹில் என்னும் பண்ணை வீட்டில் அவர் பிறந்தார். அவருடைய மூத்த சகோதரர் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன், நியூயோர்க் மாநகரை இன்றைய வடிவில் ஒன்றிணைத்தவர் எனவும், அங்குள்ள சென்ரல் பார்க் பூங்காவின் உருவாக்கத்தில் பெரும்பங்கு கொண்டவர் எனவும் அமெரிக்கர்களால் போற்றப்படுபவர். அண்ணன் ஒரு மாநகரைக் கட்ட, தம்பி ஒரு கிராமத்தைத் தேடிக் கடல் கடந்து வந்தார். அவர் பிறந்த அதே 1822இல் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். ஒருவர் கிறிஸ்தவ மிஷனின் ஊழியர். மற்றவர் மிஷனரிமாரின் மதமாற்ற முயற்சியை எதிர்த்து நின்றவர். நோக்கில் எதிரெதிரான இவ்விருவரும் தமிழ் உரைநடைக்கு ஆற்றிய பணியை ஒருங்கே வைத்து நோக்கினால், பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தின் வளம் புலப்படும்.

நியூயோர்க்கிலுள்ள வைத்தியர், சத்திரவைத்தியர் கல்லூரியில் பயின்று 1845இல் கிறீன் பட்டம் பெற்றார். அன்றைய சத்திரசிகிச்சை எத்தகையது என்பதை இன்றைய வாசகர் கற்பனை செய்வது கடினம். நோயாளி விழித்திருக்க, நால்வர் அவரைப் பிடித்திருக்க, கத்தி வேகமாக ஓட வேண்டும். வேகமே சத்திரவைத்தியரின் திறமை. அடுத்த ஆண்டு ஒக்டோபரில், போஸ்ரன் நகரப் பெரிய வைத்தியசாலையில் ஈதர் ஆவியைச் சுவாசிக்கச் செய்து நோயாளியை மயக்கமுறச் செய்யும் முறை பலர் முன்னிலையில் செய்துகாட்டப்பட்டது. அதற்கு ஆறு மாதங்களின் பின், 1847 ஏப்ரலில், அதே போஸ்ரன் துறைமுகத்திலிருந்து கிறீன் கப்பலேறினார். மருத்துவ உலகின் ஒரு யுகம் முடிந்து மற்றொன்று தொடங்கிய வேளையில் அவர் யாழ்ப்பாணம் வந்தார் எனலாம்.

ஒக்டோபரில் வந்திறங்கியபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து. முதலில் வட்டுக்கோட்டையிலும், மறு ஆண்டு முதல் மானிப்பாயிலும் அவர் பணியாற்றினார். அவருக்கு முன்னரே அமெரிக்க மிஷனின் வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820களில் பண்டத்தரிப்பில் மருத்துவம் செய்திருந்தார். ஆகவே மேலைநாட்டு மருத்துவம் குடாநாட்டுக்கு முற்றிலும் புதியதன்று. அதேபோல், மருத்துவமே அறியாத மக்களிடமும் கிறீன் வரவில்லை. செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்களைத் தந்த மண் இது. புண்களையும் முறிவுகளையும் ஆற்றுவதற்கென இரண வைத்தியர்கள் ஊர்தோறும் இருந்தனர். முஸ்லிம் மக்களிடையே யூனானி வைத்தியம் போற்றப்பட்டு வந்தது. குறையாக இருந்தது, மனித உடலைத் திறந்து பார்த்துக் கற்ற உடற்கூற்று அறிவும், அதன்மேல் அமைந்த சத்திரசிகிச்சையுமே.

1848இல் மூன்று மாணவர்களுடன் கிறீன் தமது மருத்துவ வகுப்பை மானிப்பாயில் தொடங்கினார். கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி 1870இலேயே தோன்றியது. இலங்கையில் மேலைநாட்டு மருத்துவக் கல்வியின் தொடக்கம் யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் நிகழ்ந்தது என்பதை எமது பாடநூல்கள் இன்னும் அழுத்திக் கூற வேண்டும். 1850இல் அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக்கின் முயற்சியால் யாழ்ப்பாண நகரில் எழுந்த நட்புறவுச் சங்க வைத்தியசாலையுடனும் கிறீனுக்குத் தொடர்பு இருந்தது. அதுவே 1907இல் அரசாங்க வசமாகி, பிற்காலத்தில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையாக வளர்ந்தது. வாந்திபேதி ஊர்களைச் சூறையாடிய காலங்களில் அவரும் மாணவர்களும் வீடு வீடாகச் சென்றனர்.

முதல் பத்தாண்டுகளில் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. இதன் விளைவை அவர் கண்ணாரக் கண்டார். ஆங்கிலத்தில் தேர்ந்த மாணவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடிக் கிராமங்களை விட்டு வெளியேறினர். ஊரில் தங்கியவர்களுக்கும், தாம் கற்றதை நோயாளிக்கும் அவரது வீட்டாருக்கும் எடுத்துரைக்கச் சொற்கள் இல்லை. இந்த இரண்டாவது குறையையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். சொல் இல்லாத இடத்தில் அச்சம் குடிபுகும் என்பதைக் கொக்குவில் பெரியவரின் முகத்தில் நாமே கண்டோம்.

1857இல் உடல்நலம் குன்றி அமெரிக்கா சென்ற கிறீன், 1862இல் மார்கரெற் பெல்ப்ஸ் வில்லியம்ஸ் என்னும் பெண்மணியை மணந்து அவருடன் யாழ்ப்பாணம் திரும்பினார். 1864இல் தமது மருத்துவ வகுப்பை முற்றாகத் தமிழுக்கு மாற்றினார். மாணவர்கள் ஐரோப்பிய உடை அணிந்து ஆங்கிலேயரைப் போல் நடப்பதையும் அவர் விரும்பவில்லை. தமிழராகவே உடுத்து, தமிழராகவே வாழ்ந்து, தமிழரிடையே தொழில் செய்ய வேண்டும் என்பதே அவர் விருப்பம். தம் சமயத்தைப் பரப்ப வந்தவர் அவர். அதனை அவர் என்றும் மறைக்கவில்லை. எனினும் மதம் மாறுவோர் பண்பாட்டையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எண்ணிய பலரிடமிருந்து அவர் வேறுபட்டு நின்றார்.

தமிழில் கற்பிக்க நூல்கள் வேண்டும். அப்பணியை அவர் முன்னரே தொடங்கியிருந்தார். கல்வின் கற்றர் என்பார் எழுதிய உடலமைப்பு, சுகாதார நூலின் தமிழாக்கம் 1852இல் வெளியாயிற்று. அடுத்து வந்தவற்றில் எமது பேசுபொருளுக்கு மிக நெருக்கமானது 1867இல் வெளிவந்த இரண வைத்தியம். இங்கிலாந்தின் றொபேட் ட்ரூயிற் எழுதி, அக்காலச் சத்திரவைத்தியர்கள் கையோடு வைத்திருந்த கைந்நூலின் தமிழ் வடிவம் அது. கத்தி, ஊசி, கட்டு, தையல், அங்கம் வெட்டி அகற்றுதல், கட்டி நீக்குதல் என ஒவ்வொன்றும் தமிழ் வாக்கியத்துக்குள் வந்து அமர்ந்தன. நூலின் பெயரைக் கவனியுங்கள். புதிய பெயர் எதையும் புனையாமல், ஊர் மக்கள் அறிந்திருந்த இரண வைத்தியர் என்ற வழக்கிலிருந்தே அவர் சொல்லை எடுத்துக்கொண்டார்.

1872இல் மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் ஆகிய இரண்டும் வந்தன. முன்னது, உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் இன்றும் கையாளும் கிறேயின் உடற்கூற்று நூலைத் தழுவியது. 1875இல் கெமிஸ்தம் வந்தது. 1883இல் மனுஷ சுகரணம். எல்லாவற்றையும் கூட்டினால் பக்கங்கள் நாலாயிரத்தைத் தாண்டும். இவை தனியொருவர் உழைப்பல்ல. டான்போர்த், சப்மன், வில்லியம் போல் முதலிய அவருடைய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் தோள்கொடுத்தனர். பெயர்கள் மேலைநாட்டுப் பெயர்களாயினும் இவர்கள் யாழ்ப்பாணத் தமிழரே. மிஷன் பாடசாலைகளில் இடப்பட்ட பெயர்கள் அவை.

நூற்றலைப்புகளே அவருடைய முறையைக் காட்டிவிடும். வழக்கிலுள்ள சொல் கிடைத்தால் அதை எடுத்தார். கிடைக்காதபோது வடமொழியை நாடினார். அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஈறு கொடுத்து அமைத்துக்கொண்டார். கெமிஸ்ரி கெமிஸ்தம் ஆனது இவ்வாறே. வடமொழி மிகுந்த அவர் நடை இன்று எமக்குக் கடினமாகவே படும். சுகரணம், அங்காதிபாதம் என்ற சொற்களை உடற்றொழிலியல், உடற்கூற்றியல் என்பவை பின்தள்ளிவிட்டன. அதில் வருந்த எதுவும் இல்லை. ஒரு சொல் தேய்ந்து இன்னொன்று வருவது மொழியின் இயல்பு. சொல்லே வராமல் நின்றுவிடுவதுதான் நோய்.

இத்தகைய மொழியாக்கம் உலகுக்குப் புதிதன்று என்பதை எமது முஸ்லிம் வாசகர்கள் நன்கறிவர். ஒன்பதாம் நூற்றாண்டின் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறிஸ்தவ வைத்தியர், அப்பாசியக் கலீபாக்களின் ஆதரவில் கிரேக்க மருத்துவ நூல்களை அரபு மொழிக்குக் கொண்டுவந்தார். மருத்துவத்துக்கான அரபுச் சொற்கள் பல அவர் கையில் உருப்பெற்றன. அவ்வாறு வளம்பெற்ற அரபு மொழியிலேயே பின்னர் ஸ்பானியாவின் குர்துபாவில் அபுல் காசிம் அல்-சஹ்ராவி தமது பெரு நூலை எழுதினார். அதன் சத்திரசிகிச்சைப் பகுதியில் ஏறத்தாழ இருநூறு கருவிகளைப் படம் வரைந்து விளக்கினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அப்பகுதி இலத்தீனுக்கு மொழிபெயர்க்கப்பட்டபோது ஐரோப்பாவே அதிலிருந்து சத்திரசிகிச்சை கற்றது. பக்தாதில் ஹுனைன் செய்ததையே மானிப்பாயில் கிறீன் செய்தார். அங்கே அரசு பின்னால் நின்றது. இங்கே ஒரு கிராமத்து வகுப்பறையும் மிஷனின் சிறு உதவியுமே இருந்தன. பயன் வேறுபட்டதற்கு இதுவே காரணம் என்பது எமது கருத்து.

இரண வைத்தியம் வெளிவந்த அதே 1867இல், இஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்ரர் புண்ணில் கிருமி சேராமல் காக்கும் தமது முறையை வெளியிட்டார். அதுவரை வயிற்றைத் திறப்பது பெரும்பாலும் மரணத்துக்குக் கதவு திறப்பதாகவே இருந்தது. லிஸ்ரருக்குப் பிறகே வைத்தியர்கள் துணிந்து வயிற்றுக்குள் கைவைக்கத் தொடங்கினர். அப்போதும் உள்ளே பார்க்கவும் கை அசைக்கவும் இடம் வேண்டுமெனில், நீளமாக வெட்டி, கொக்கிகளால் இருபுறமும் இழுத்துப் பிடிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1901இல் ஜேர்மனியின் கேயோர்க் கெலிங், நாயின் வயிற்றுக்குள் வடிகட்டிய காற்றை ஏற்றி உப்பச் செய்து, சிறு குழாய் வழியே உள்ளே பார்த்துக் காட்டினார். வெட்டி விரிப்பதற்குப் பதிலாக ஊதி விரிக்கும் எண்ணம் அங்கு பிறந்தது. கிறீன் மறைந்து அப்போது பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று வயிற்றறைக்குள் ஏற்றப்படுவது காற்றன்று; காபனீரொட்சைட்டு வாயு. அது தீப்பற்றாது, குருதியில் எளிதில் கரைந்து மூச்சுடன் வெளியேறிவிடும். பெரியவர்களுக்கு வழக்கமாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து மில்லிமீற்றர் இரச அழுத்தத்துக்குள்ளேயே அதனை நிறுத்திவைப்பர். ஆனால் குடலிறக்கம், சிறுநீரகம் போன்றவற்றில் வைத்தியருக்கு வேண்டிய இடம் வயிற்றறைக்கு வெளியே, தசைக்கும் உள்ளுறைக்கும் நடுவில் இருக்கிறது. அங்கு இயல்பாக வெளி எதுவும் இல்லை. இரு படைகளும் ஒட்டிக் கிடக்கும். தொப்புளருகே சிறு துளையிட்டு, சுருங்கிய பலூனை அந்தப் படைகளிடையே நுழைத்து மெல்ல ஊதினால், குருதிக் குழாய்கள் அதிகம் சிதையாமல் அவை பிரிந்து இடம்விடும். பின்னர் பலூனைச் சுருக்கி எடுத்துவிட்டு, வாயுவால் அந்த இடத்தைத் தாங்கி, கமராவின் துணையுடன் வலையை வைத்துப் பழுதை மூடுவர். பெரியவர் அஞ்சியவாறு பலூன் வெடிப்பதும் சில வேளை நேர்வதுண்டு. அப்படி நேர்ந்தால் இறப்பர்த் துண்டு ஒன்றும் உள்ளே தங்கிவிடாமல் தேடி எடுப்பர். அவருக்குத் தேவையாக இருந்த விடை இவ்வளவே.

இந்தக் கருவிக்கு எமது அயலிலேயே ஒரு வரலாறு உண்டு. மும்பாயின் சிறுநீரக சத்திரவைத்தியர் டி. டி. கௌர், சிறுநீரகத்தின் பின்புறத்தில் வேலை செய்ய இடம் உண்டாக்கும் பலூன் ஒன்றைத் தாமே ஆக்கி, 1992இல் உலகுக்கு அறிவித்தார். அதற்கு அவர் பயன்படுத்தியவை சத்திரசிகிச்சைக் கையுறை, இறப்பர்க் குழாய், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ஊதற்குமிழ் ஆகியனவே. விலையுயர்ந்த பலூன்களை வாங்க இயலாத வைத்தியசாலைகளில் இன்றும் கையுறை விரலைக் குழாயில் கட்டி ஊதிக் காரியம் முடிப்போர் உளர். கையுறை, குழாய், குமிழ் என்று நாம் மேலே எழுதிய சொற்கள் எல்லாம் சுருட்டுக் கொட்டிலில் உழைத்தவருக்கும் தெரிந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். கிறீனின் வகுப்பு தொடர்ந்திருந்தால், அந்த இளம் வைத்தியர் படம் வரைய வேண்டி வந்திராது.

அது தொடரவில்லை. 1873இல் உடல் நலிந்து கிறீன் நிரந்தரமாகவே அமெரிக்கா திரும்பினார். அவர் காலத்தில் அறுபதுக்கு மேற்பட்டோர் வைத்தியராகத் தேறியிருந்தனர்; அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழில் கற்றவர்கள். ஆனால் கொழும்பில் ஆங்கிலவழிக் கல்லூரி எழுந்துவிட்டது. அரசாங்க உத்தியோகமும் மதிப்பும் அப்பக்கமே சாய்ந்தன. மானிப்பாயின் தமிழ்வழி வகுப்பு அதன்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணி ஆங்கிலத்தை நாடிய பெற்றோரை நாம் இன்று குறைசொல்ல முடியாது. எமது வீடுகளிலும் நாம் அதையே செய்கிறோம். 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் மலர்ந்தபோதும் அது ஆங்கிலத்திலேயே மலர்ந்தது.

மருத்துவக் கல்வி முழுவதும் தமிழுக்கு மாற வேண்டும் என்று நாம் இங்கு வாதாடவில்லை. உலகெங்கும் சென்று பயிலவும் பணியாற்றவும் எமது பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டும். ஆனால் ஆங்கிலத்தில் கற்கும் வைத்தியர், தமிழ் பேசும் நோயாளியிடம் அவர் உடலில் தாம் செய்யப்போவதைத் தமிழில் சொல்லப் பழகுவது வேறு விடயம். ஒவ்வொரு சத்திரசிகிச்சைக்கும் அரைப் பக்கத்தில் எளிய தமிழ் விளக்கம் ஒன்றை எழுதி, சம்மதப் பத்திரத்துடன் இணைப்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை. மருத்துவரும் தமிழறிஞரும் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும். கிறீனும் அவருடைய மாணவர்களும் அப்படித்தான் அமர்ந்தார்கள். சம்மதம் என்பது விளங்கியதன் பின் தரப்படுவது. விளங்காமல் இடும் கையொப்பம் வைத்தியசாலையைக் காக்கலாம், நோயாளியைக் காக்காது. கிழக்கிலும் மன்னாரிலும் புத்தளத்திலும் வாழும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களுக்கும், மலையகத்தாருக்கும் இது பொதுவான தேவை. சிங்கள வைத்தியர் ஒருவர் தமிழ் நோயாளியைப் பார்க்கும் வைத்தியசாலைகளில் இத்தேவை இன்னும் கூடுதலானது.

ஊர் திரும்பிய கிறீன் ஓய்ந்திருக்கவில்லை. வூஸ்டரின் பனிக்குளிரில், கிறீன் ஹில் வீட்டிலிருந்து யாழ்ப்பாணத்துத் தமிழ் நூல்களின் பணியைத் தொடர்ந்தார். தமிழ் வைத்தியர்களுடன் கடிதத் தொடர்பும் நீடித்தது. மனுஷ சுகரணம் வெளிவந்த மறு ஆண்டு, 1884 மே 28ஆம் திகதி, அவர் அங்கேயே காலமானார். அறுபத்திரண்டு வயதை அவர் எட்டவில்லை. தம் கல்லறையில் தமிழருக்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்று பொறிக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். அவ்வாறே பொறிக்கப்பட்ட கல் இன்றும் அந்நகரில் நிற்கிறது. கவிஞர் அம்பி அவருடைய வாழ்வையும் பணியையும் ஆராய்ந்து நூலாக்கியிராவிடின், எம்மில் பலர் அவரை ஒரு வைத்தியசாலையின் பெயராக மட்டுமே அறிந்திருப்போம்.

கொக்குவில் பெரியவர் இரண்டு நாட்களில் வீடு திரும்பினார். ஒரு வாரத்தின் பின் நாம் பார்க்கச் சென்றபோது, முற்றத்து வேம்பின் கீழ் அமர்ந்து அயலவர் ஒருவருக்குத் தம் சத்திரசிகிச்சையை விவரித்துக்கொண்டிருந்தார். அவரும் அதே நோய்க்காக வைத்தியசாலையில் திகதி பெற்றுக் காத்திருப்பவர். பலூன் என்ற சொல்லைப் பெரியவர் ஓரிடத்திலும் கூறவில்லை. ஊதற்பை என்றே சொன்னார். அயலவர் மேலும் இரண்டு கேள்விகள் கேட்டார். மூன்று துளைகள் எங்கெங்கே இடப்பட்டன என்பதைப் பெரியவர் சட்டையை உயர்த்திக் காட்டினார்.